வெப்பத்துக்கும் எடை உண்டு: சார்பியல் பாய்மங்களில் முடுக்கம் என்ன செய்கிறது?

சாதாரணப் பாய்ம இயக்கவியலைப் படித்துவிட்டுச் சார்பியல் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். வெப்பப் பாய்வுச் சமன்பாட்டில், யாரும் கூப்பிடாமலே முடுக்கம் வந்து உட்கார்ந்திருக்கும். அது ஏன் வந்தது, எதற்கு உதவுகிறது, என்ன வம்பை இழுத்துவிட்டது என்பதைப் பற்றிய கேள்விகள்தான் இந்தப் பக்கம் முழுக்க. கல்லூரி இயற்பியல் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

எந்தச் சமன்பாட்டைப் பற்றிப் பேசுகிறோம்?

ஃபூரியர் விதி எல்லாருக்கும் தெரிந்தது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும். வெப்பநிலைச் சரிவு எவ்வளவு செங்குத்தோ, பாய்வும் அவ்வளவு அதிகம். 'சரிவு' என்றால் ஒரு மீட்டர் நகர்ந்தால் வெப்பநிலை எத்தனை கெல்வின் மாறுகிறது என்பது, அவ்வளவுதான்.

1940இல் கார்ல் எக்கர்ட் இந்த விதியைச் சிறப்புச் சார்பியலுக்குள் கொண்டுவந்தார். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி, அதாவது என்ட்ரோப்பி குறையக்கூடாது என்பது, எல்லா நேரமும் நிற்க வேண்டும் என்று கேட்டார். கிடைத்த விடை இது:

வெப்பப் பாய்வு = − கடத்துத்திறன் × (வெப்பநிலைச் சரிவு + வெப்பநிலை × முடுக்கம் ÷ ஒளிவேகத்தின் வர்க்கம்)

அடைப்புக்குள் இருக்கும் இரண்டாவது துண்டுதான் புது விருந்தாளி. அது சொல்வது: வெப்பநிலை எங்கும் ஒன்றாக இருந்தாலும்கூட, பாய்மம் முடுக்கப்பட்டால் அதில் வெப்பம் பாயும், முடுக்கத்துக்கு எதிர்த்திசையில்.

வெப்பநிலை வித்தியாசமே இல்லாமல் வெப்பம் எப்படிப் பாயும்? இது இரண்டாம் விதிக்கு எதிரானது இல்லையா?

எதிரானது இல்லை. இரண்டாம் விதியைக் காப்பாற்றத்தான் இது வந்தது. காரணம் ஒரே வரி: ஆற்றலுக்கு நிறை உண்டு, வெப்பம் ஓர் ஆற்றல், ஆகவே வெப்பத்துக்கும் எடை உண்டு.

ஓர் உயரமான பாத்திரத்தில் வாயு இருக்கிறது, ஈர்ப்பு கீழ்நோக்கி இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடியிலிருந்து கொஞ்சம் வெப்பத்தை எடுத்து மேலே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். அந்த வெப்பத்தை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அதன் நிறை. அந்த நிறையைத் தூக்க வேலை செய்தாக வேண்டும், அந்த வேலைக்கான கூலியை வெப்பம் தன்னிடமிருந்தே கொடுக்கிறது. அதனால் அடியில் 1 பங்கு குறைந்தால், மேலே போய்ச் சேருவது 1 பங்கைவிட ஒரு துளி குறைவு. வழியில் இழக்கும் பின்னம்: ஈர்ப்பு முடுக்கம் × உயரம் ÷ ஒளிவேகத்தின் வர்க்கம்.

இப்போது சமநிலை எது? வெப்பத்தை இப்படி இடம் மாற்றினால் மொத்த என்ட்ரோப்பி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அடி இழந்த என்ட்ரோப்பி என்பது 1 பங்கு வெப்பம் ÷ அடியின் வெப்பநிலை. மேல் பெற்றது என்பது குறைந்துபோன வெப்பம் ÷ மேலின் வெப்பநிலை. இரண்டும் சமமாக வேண்டுமென்றால் மேல்பகுதியின் வெப்பநிலையும் அதே பின்னம் அளவுக்குக் குறைவாக இருந்தாக வேண்டும். வேறு வழியே இல்லை.

ஆக, முழுச் சமநிலையில் இருக்கும் ஒரு பாத்திரத்தின் அடி கொஞ்சம் சூடாகவும் தலை கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருக்கும். இதை ரிச்சர்ட் டோல்மன் 1930இல் சொன்னார். அதே ஆண்டு பால் எரன்ஃபெஸ்டுடன் சேர்ந்து பொதுவான வடிவமும் கொடுத்தார். எக்கர்ட்டின் அடைப்புக்குறியைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள், டோல்மன் விதி அப்படியே வெளியே வரும். வெப்பநிலையை எங்கும் ஒன்றாக வைத்தால்தான் அது சமநிலை இல்லை. அப்போது வெப்பம் பாயத்தான் செய்யும்.

இது ஈர்ப்பைப் பற்றிய வாதம். முடுக்கத்துக்கு எப்படிப் பொருந்தும்?

ஈர்ப்பும் முடுக்கமும் சிறு அளவில் ஒன்றுதான் என்ற சமானக் கொள்கை இருக்கிறதே, அதை வைத்தே முடித்துவிடலாம். ஆனால் நேரடியாகப் பார்ப்பது இன்னும் சுவாரசியம்.

ஒரு ராக்கெட் விண்வெளியில் சீராக முடுக்கப்படுகிறது. அதன் வால் பக்கச் சுவரிலிருந்து ஒரு ஃபோட்டான் கிளம்பித் தலைப் பக்கம் போகிறது. அது போய்ச் சேருவதற்குள் தலைப்பக்கம் இன்னும் கொஞ்சம் வேகம் கூடி விலகி ஓடிக்கொண்டிருக்கும். டாப்ளர் விளைவால் ஃபோட்டான் சிவந்து, ஆற்றல் குறைந்து வந்து சேரும். திரும்பி வரும் ஃபோட்டானுக்கு நேர்மாறு: வால் சுவர் அதை எதிர்கொண்டு மோதுகிறது, அது நீலமாகி வருகிறது. இரண்டு சுவரும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் வால் எப்போதும் லாபத்தில், தலை எப்போதும் நஷ்டத்தில். வால் போதுமான அளவு சூடான பிறகுதான் கொடுக்கல் வாங்கல் நேராகும்.

இங்கே டோல்மனின் இன்னொரு வேலை ஞாபகம் வருகிறது. 1916இல் அவரும் ஸ்டூவர்ட்டும் வேகமாகச் சுழலும் கம்பிச் சுருளைத் திடீரென்று நிறுத்தி, உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் நிலைமத்தால் தொடர்ந்து ஓடுவதை மின்துடிப்பாக அளந்தார்கள். உலோகத்தை இழுத்தால் எலக்ட்ரான்கள் பின்தங்கும். பாய்மத்தை இழுத்தால் வெப்பம் பின்தங்கும். பதினான்கு வருட இடைவெளியில் ஒரே மனிதர் ஏறக்குறைய ஒரே விஷயத்தை இரண்டு முறை தொட்டிருக்கிறார்.

எந்த முடுக்கம்? யார் பார்க்கும் முடுக்கம்?

பாய்மத்தின் ஒரு துளி தானே உணரும் முடுக்கம். அந்தத் துளியோடு ஒரு முடுக்கமானியைக் கட்டி அனுப்பினால் அது காட்டும் எண். அதனால் தடையின்றி விழும் வாயுவில் இந்தத் துண்டு பூஜ்யம். தரையில் அசையாமல் நிற்கும் பாத்திரத்திலோ அது பூஜ்யம் இல்லை: தரை அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது, முடுக்கம் மேல்நோக்கி, சூடு அடிப்பக்கம். 'நின்றுகொண்டிருக்கும் பாத்திரத்துக்கு ஏது முடுக்கம்?' என்று குழம்புகிறவர்கள் இந்த ஒன்றை மனதில் வைத்தால் போதும், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அளவு எவ்வளவு?

சிரிப்பு வரும் அளவுக்குச் சிறியது. பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஒரு மீட்டருக்குச் சுமார் 1.1 × 10⁻¹⁶. அறை வெப்பநிலை 300 கெல்வின் என்றால், ஒரு மீட்டர் உயரத்துக்கு 3 × 10⁻¹⁴ கெல்வின் வித்தியாசம். எந்த வெப்பமானியாலும் பிரித்துணர முடியாத எண் இது.

மலை மேல் குளிராக இருப்பது இதனால்தானா?

இல்லை. இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, கேட்பதில் தப்பும் இல்லை, ஏனென்றால் திசை இரண்டிலும் ஒன்றுதான். வறண்ட காற்று மேலே ஏறும்போது விரிந்து குளிர்கிறது; அந்தக் கணக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 9.8 கெல்வின். டோல்மன் கணக்கு ஒரு கிலோமீட்டருக்கு 3 × 10⁻¹¹ கெல்வின். சுமார் முப்பதாயிரம் கோடி மடங்கு வித்தியாசம்.

அளவு மட்டுமல்ல, தன்மையே வேறு. காற்று மண்டலத்தின் சரிவு சமநிலை இல்லை. கீழே சூரிய வெப்பம், மேலே கதிர்வீச்சாக இழப்பு, நடுவில் காற்று ஓயாமல் புரண்டுகொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அந்தக் காற்றை ஒரு மூடிய குழாயில் வெகுகாலம் சும்மா விட்டால், கடத்தல் அந்தச் சரிவை அழித்துவிடும். டோல்மன் சரிவு மட்டும் மிஞ்சும்.

வேகமெடுக்கும் ஒரு பெட்டியிலும் இதே கதை. முடுக்கம் தொடங்கியதும் வாயு பின்பக்கம் ஒதுங்கி அழுந்திச் சூடாகும். அது பழைய நியூட்டன் காலத்துச் சூடு, சார்பியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, காலப்போக்கில் ஆறிவிடும்.

ஈர்ப்பில் நிற்கும் வாயுவின் வெப்பநிலை எங்கும் ஒன்றுதான் என்று மேக்ஸ்வெல் நிரூபித்துவிட்டார் என்று படித்திருக்கிறேனே?

இது நல்ல கேள்வி. இந்தச் சண்டை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நடந்தது. 1876இல் லோஷ்மிட் சொன்னார்: மூலக்கூறு மேலே ஏறும்போது வேகம் இழக்கிறது, ஆகவே மேலே குளிர்ச்சியாகத்தான் இருக்க வேண்டும். கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் மேக்ஸ்வெல்லும் போல்ட்ஸ்மனும் ஒத்துக்கொள்ளவில்லை. மேலே போகும்போது ஒவ்வொரு மூலக்கூறும் வேகம் இழப்பது உண்மை. ஆனால் மெதுவானவை பாதி வழியிலேயே திரும்பிவிடுகின்றன. மேலே வந்து சேருகிறவை ஆரம்பத்தில் வேகமாக இருந்தவை மட்டும். கூட்டிக் கழித்தால் எண்ணிக்கை குறைகிறது, வேகங்களின் பரவல் மாறுவதில்லை.

மேக்ஸ்வெல்லிடம் இன்னும் கூர்மையான வாதம் ஒன்று இருந்தது. சரிவு பொருளுக்குப் பொருள் மாறினால், இரண்டு வெவ்வேறு பொருள்களின் தூண்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, அடியில் இணைத்துவிட்டால், மேலே வெப்பநிலை வித்தியாசம் நிரந்தரமாக இருக்கும். அதை வைத்து ஓர் இயந்திரத்தைக் காசில்லாமல் என்றென்றும் ஓட்டலாம். நடக்காத காரியம்.

இந்த வாதம் டோல்மன் சரிவைத் தொடவே தொடாது. அதன் சூத்திரத்தில் மூலக்கூறு எடை இல்லை, கடத்துத்திறன் இல்லை, பொருளின் பெயரே இல்லை. ஹைட்ரஜன், இரும்பு, வெறும் ஒளி, எல்லாவற்றுக்கும் ஒரே சரிவு. இரண்டு தூண்களை இணைத்தால் மேலேயும் ஒரே வெப்பநிலைதான், இயந்திரம் ஓடாது. லோஷ்மிட்டின் சரிவு வெப்ப இயக்கவியலை உடைத்திருக்கும். டோல்மனின் சரிவு அதைக் காப்பாற்றுகிறது. மேக்ஸ்வெல் தவறில்லை, அவர் காலத்தில் வெப்பத்துக்கு எடை இருப்பது யாருக்கும் தெரியாது.

சுழலும் பாய்மத்தில்?

முடுக்கம் மையத்தை நோக்கி இருக்கிறது, ஆகவே சூடு விளிம்பில். விளிம்பு வினாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் சுற்றினால் வெப்பநிலை 10¹² பங்கில் 1.4 பங்கு கூடும். 300 கெல்வினில் அது 4 × 10⁻¹⁰ கெல்வின். பூமி ஈர்ப்பைவிட எவ்வளவோ தேவலாம், ஆனாலும் உராய்வுச் சூட்டுக்கு முன்னால் எடுபடாது.

முடுக்கம் வெப்பத்தை உண்டாக்குகிறதா?

உண்டாக்குவதில்லை, இடம் மாற்றி வைக்கிறது. ராக்கெட் தன் வடிவம் கெடாமல் சீராக முடுக்கப்பட்டு, உள்ளே டோல்மன் சரிவும் அமைந்துவிட்டால், அங்கே வெப்பப் பாய்வும் இல்லை, என்ட்ரோப்பி உற்பத்தியும் இல்லை. எத்தனை ஆண்டு முடுக்கினாலும் அப்படியே இருக்கும். முடுக்கம் மாறும்போதுதான், பழைய சரிவிலிருந்து புதிய சரிவுக்குப் போகும் வழியில்தான், என்ட்ரோப்பி பிறக்கும்.

அப்படியென்றால் எக்கர்ட்டின் கோட்பாட்டைப் பயன்படுத்தாதே என்று ஏன் எச்சரிக்கிறார்கள்?

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. 1985இல் ஹிஸ்காக்கும் லிண்ட்ப்ளமும் எக்கர்ட்டின் சமன்பாடுகளை எடுத்து, சமநிலையில் இருக்கும் பாய்மத்தில் ஒரு சிறு கலக்கம் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். கலக்கம் அடங்குவதற்குப் பதில் பன்மடங்காகப் பெருகியது. மிகக் குறைந்த நேரத்தில். ஒரு குவளை நீர்கூட இந்தக் கோட்பாட்டின்படி வெடித்துச் சிதறியிருக்க வேண்டும்.

குற்றவாளி யார்? நம் முடுக்கத் துண்டேதான். கணக்கு சின்னது, போட்டே பார்க்கலாம்.

பாய்மத்தில் எங்கும் ஒரே சீராக வலப்பக்கம் வெப்பம் பாய்கிறது என்று கொள்வோம். வெப்பத்துக்கு நிறை இருப்பதால் பாயும் வெப்பத்துக்கு உந்தமும் உண்டு, வலப்பக்கம். மொத்த உந்தம் மாறக்கூடாது. அந்த வெப்பப் பாய்வு கூடிக்கொண்டு போனால், ஈடுகட்டப் பாய்மம் இடப்பக்கம் முடுக்கப்பட வேண்டும். எக்கர்ட் விதியோ, பாய்மம் இடப்பக்கம் முடுக்கப்பட்டால் வெப்பம் வலப்பக்கம் பாயும் என்கிறது. பார்த்தீர்களா? வலப்பக்கப் பாய்வு கூடினால் இடப்பக்க முடுக்கம். இடப்பக்க முடுக்கம் இருந்தால் வலப்பக்கப் பாய்வு. ஒன்றை ஒன்று ஏற்றிவிடும் வட்டம், நிறுத்த ஆளில்லை.

அது பெருக எடுக்கும் நேரம்: கடத்துத்திறன் × வெப்பநிலை ÷ (நிறை அடர்த்தி × ஒளிவேகத்தின் நான்காம் அடுக்கு). நீருக்குக் கடத்துத்திறன் 0.6, வெப்பநிலை 300, அடர்த்தி 1000 என்று போட்டால் சுமார் 2 × 10⁻³⁵ வினாடி வருகிறது. இந்த நேரத்தில் ஒளிகூட ஓர் அணுக்கருவின் குறுக்களவில் ஒரு துணுக்கைத்தான் கடக்கும். அதற்குள் நீர் கட்டுக்கடங்காமல் போய்விட வேண்டும் என்கிறது சமன்பாடு. இது உண்மை உலகம் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அப்போது முடுக்கத் துண்டே தவறா?

பலர் அந்த முடிவுக்குத்தான் வந்தார்கள். என் கருத்து வேறு. துண்டு தவறில்லை, அவசரம்தான் தவறு. டோல்மன் சமநிலைக்கு அந்தத் துண்டு கட்டாயம் வேண்டும், எடுத்துப் போட்டால் டோல்மன் சமநிலையில் நிற்கும் பாய்மத்திலும் வெப்பம் பாயத் தொடங்கி, மொத்த என்ட்ரோப்பி குறையும். எக்கர்ட் விதியின் பிழை, முடுக்கம் வந்த அந்தக் கணத்திலேயே வெப்பப் பாய்வு முழுசாக வந்துவிடும் என்று சொல்வது. எந்தப் பாய்மமும் அவ்வளவு சுறுசுறுப்பு கிடையாது. மூலக்கூறுகள் சில முறை மோதிக்கொண்ட பிறகுதான் செய்தி பரவும்.

சார்பியல் இல்லாத இடத்திலும் இதே அவசரம் ஒரு குறைதான்: ஃபூரியர் விதிப்படி வெப்பச் செய்தி எல்லையற்ற வேகத்தில் போகிறது. அதைத் திருத்த 1948இல் கட்டனேயோ ஒரு தாமத நேரத்தைச் சேர்த்தார். பாய்வு அதன் சரியான மதிப்பை உடனே எட்டாது, கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு எட்டும்.

அந்தத் தாமதம் இங்கே எப்படி உதவுகிறது?

1967இல் முல்லரும், பின்பு 1970களில் இஸ்ரேலும் ஸ்டூவர்ட்டும் (இவர் ஜான் ஸ்டூவர்ட், முன்னே சொன்னவர் அல்ல) இதைச் சார்பியலுக்குள் முறையாகக் கொண்டுவந்தார்கள். மேலே போட்ட வட்டக் கணக்கையே தாமதத்தோடு திரும்பப் போட்டால் ஒரு எளிய நிபந்தனை கிடைக்கிறது: தாமத நேரம், அந்தப் பெருகு நேரத்தைவிடப் பெரியதாக இருந்தால் கலக்கம் அடங்கும், சிறியதாக இருந்தால் பெருகும். நீரில் மூலக்கூறுகளின் அசைவே 10⁻¹³ வினாடி அளவில் நடக்கிறது. வேண்டியது 10⁻³⁵. இருபதுக்கும் மேற்பட்ட பூஜ்யங்கள் இடைவெளி இருக்கிறது, நீர் பத்திரம்.

எனக்கு இந்த நிபந்தனை மிகவும் பிடிக்கும். பெருகு நேரம் என்பது வெப்பத்தின் நிலைமத்தை அளக்கிறது. தாமதம் என்பது பாய்மத்தின் சோம்பலை அளக்கிறது. சோம்பல் ஜெயித்தால் பாய்மம் பிழைக்கும்.

2018க்குப் பிறகு பெம்ஃபிகா, டிஸ்கான்சி, நொரோன்யா, கோவ்டுன் ஆகியோர் இன்னொரு வழி காட்டினார்கள். வெப்பநிலை, திசைவேகம் இவற்றைச் சமநிலைக்கு வெளியே எப்படி வரையறுப்பது என்பதில் நமக்குச் சுதந்திரம் இருக்கிறது. எக்கர்ட்டின் வரையறையைவிடப் பொதுவான ஒன்றைத் தேர்ந்தால், தனியாகத் தாமதச் சமன்பாடு எழுதாமலே நிலையான, ஒளியை மிஞ்சாத கோட்பாடு கிடைக்கிறது.

லாண்டாவும் லிஃப்ஷிட்ஸும் தங்கள் பாய்ம இயக்கவியல் நூலில் எழுதிய வடிவத்தில் முடுக்கமே இல்லையே, எங்கே போயிற்று?

ஒளிந்திருக்கிறது. அவர்கள் பாய்மத்தின் திசைவேகத்தை ஆற்றல் ஓட்டத்தின் திசைவேகமாக எடுத்தார்கள். எக்கர்ட் எடுத்தது துகள் ஓட்டத்தின் திசைவேகம். அவர்களுடைய பார்வையில் ஆற்றல் ஓட்டம் தனியாக இல்லை. ஆற்றலைவிடத் துகள்கள் எவ்வளவு பின்தங்குகின்றன என்பதே வெப்பக் கடத்தல். அதை ஓட்டுவது வேதி நிலையாற்றல் (பாய்மத்தில் ஒரு துகளைக் கூடுதலாகச் சேர்க்க ஆகும் ஆற்றல்) ÷ வெப்பநிலை என்ற விகிதத்தின் சரிவு.

இரண்டையும் இணைக்கும் பாலம், இயக்கச் சமன்பாடு. ஒளிவேகத்தை 1 என்று வைத்தால், முதல் படியில் முடுக்கம் என்பது அழுத்தச் சரிவு ÷ (ஆற்றல் அடர்த்தி + அழுத்தம்), எதிர்க்குறியோடு. எக்கர்ட்டின் துண்டில் முடுக்கத்துக்குப் பதில் இதை வைத்துச் சுருக்கினால் லாண்டாவின் விகிதச் சரிவு வந்து நிற்கும். மூலக்கூறு இயக்கக் கோட்பாட்டிலிருந்து கிளம்பி வருகிறவர்களும் இப்படித்தான் முடுக்கத்தை மாற்றிவிடுகிறார்கள். உந்தவட்டம் உடைந்துபோவதால் மேலே சொன்ன வெடிப்பு ஓய்வில் இருக்கும் பாய்மத்தில் வராது. ஆனால் லாண்டா வடிவமும் முழுசாகத் தப்பவில்லை: ஓடிக்கொண்டே பார்க்கும் பார்வையாளருக்கு அதிலும் பெருகும் கலக்கங்கள் தென்படும்.

துகள் எண்ணிக்கையே நிலையாக இல்லாத பாய்மத்தில் என்ன ஆகும்?

நல்ல வேடிக்கை நடக்கும். குவார்க்-குளுவான் பிளாஸ்மாவை, அதாவது புரோட்டானும் நியூட்ரானும் உருகி அவற்றின் உள்துகள்கள் விடுபட்ட நிலையை, எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்திலும் ஜெனீவா அருகே உள்ள செர்னிலும் கனமான அணுக்கருக்களை மோதவைத்து உண்டாக்குவது. உச்ச ஆற்றலில் அதில் பேரியான்களும் (புரோட்டான், நியூட்ரான் போன்ற துகள்கள்) அவற்றின் எதிர்த்துகள்களான எதிர்ப்பேரியான்களும் ஏறக்குறைய சமம். அப்போது அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே நம்பியிருக்கிறது. அழுத்தச் சரிவு என்பது என்ட்ரோப்பி அடர்த்தி × வெப்பநிலைச் சரிவு. ஆற்றல் அடர்த்தி + அழுத்தம் என்பது வெப்பநிலை × என்ட்ரோப்பி அடர்த்தி. வகுத்துப் பாருங்கள். முடுக்கம் = − வெப்பநிலைச் சரிவு ÷ வெப்பநிலை (ஒளிவேகத்தை 1 என்று வைத்து).

அதாவது எக்கர்ட்டின் அடைப்புக்குறி தானாகவே பூஜ்யம். வெடித்துப் பரவிக்கொண்டிருக்கும் பிளாஸ்மாவில்கூட, ஒவ்வோர் இடத்திலும் டோல்மன் உறவு முதல் படியில் நிற்கிறது. அங்கே டோல்மன் விதியும் பாய்ம இயக்கச் சமன்பாடும் ஒரே விஷயத்தின் இரண்டு பெயர்கள். முதன்முதலில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து இரண்டு முறை திரும்பப் போட்டேன். எடுத்துச் செல்ல ஒரு பேரியான் ஓட்டம் இல்லாவிட்டால், வெப்பக் கடத்தல் என்று தனியாக ஒன்று இல்லை. எல்லா ஆற்றல் ஓட்டமும் பாய்மத்தின் ஓட்டமே.

இந்த விளைவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாகும் இடம் உண்டா?

நியூட்ரான் விண்மீன். சூரியனைப் போல 1.4 மடங்கு நிறை, 12 கிலோமீட்டர் ஆரம் என்று வைத்தால் அதன் மேற்பரப்பில் முடுக்கம் 10¹² மீட்டர்/வினாடி² அளவு. மேற்பரப்பின் வெப்பநிலையில் சுமார் 80 சதவீதம்தான் தொலைவில் இருக்கும் நமக்குத் தெரியும். அதன் உட்பகுதி 'ஒரே வெப்பநிலையில்' இருக்கிறது என்று வானியலாளர்கள் சொன்னால், உண்மையில் சிவப்புப் பெயர்ச்சியை (ஈர்ப்பை மீறி வெளியே வரும் ஒளி இழக்கும் ஆற்றலை) சேர்த்த வெப்பநிலை ஒன்றாக இருக்கிறது என்று பொருள். அங்கேயே ஒரு வெப்பமானியை வைத்தால் மையம் ஓரத்தைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் சூடாகக் காட்டும். மேலோட்டில் மட்டும் சமநிலை இல்லாத உண்மையான பெரும் சரிவு ஒன்று இருக்கிறது. நியூட்ரான் விண்மீன் ஆறும் கணக்குகளில் இந்தத் திருத்தம் இல்லாமல் யாரும் எழுதுவதில்லை.

இது உன்ரூ விளைவா?

இல்லை, ஆனால் சொந்தக்காரர்கள். 1976இல் உன்ரூ சொன்னது: வெற்றிடத்தில் முடுக்கப்படும் ஒருவருக்கு அந்த வெற்றிடமே சூடாகத் தெரியும். அந்தச் சூத்திரத்தில் பிளாங்க் மாறிலி இருக்கிறது, அது குவாண்டம். எக்கர்ட்-டோல்மன் துண்டில் பிளாங்க் மாறிலி இல்லை. ஒன்று வெற்றிடத்தைப் பற்றியது, மற்றது ஏற்கெனவே சூடாக இருக்கும் பொருளைப் பற்றியது. உன்ரூ வெப்பநிலை 1 கெல்வினைத் தொட 2.5 × 10²⁰ மீட்டர்/வினாடி² முடுக்கம் வேண்டும்.

இரண்டும் சந்திக்கும் இடம் உண்டு. சீராக முடுக்கப்படும் பார்வையாளர்கள் வரிசையாக நின்றால், பின்னால் நிற்பவருக்கு முடுக்கம் அதிகம், உன்ரூ வெப்பநிலையும் அதிகம். அந்த வரிசையில் வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று பார்த்தால், டோல்மன் விதிப்படியே மாறும், அப்படியே அச்சு அசலாக.

அணுக்கரு மோதலில் எண்கள் எப்படி? பிளாஸ்மாவின் வெப்பநிலை ஒரு ஃபெம்டோமீட்டருக்குள் (10⁻¹⁵ மீட்டர்) சுமார் 2.7 மடங்கு குறைவதாக வைத்தால் முடுக்கம் 10³² மீட்டர்/வினாடி²-க்குப் பக்கத்தில் வரும், உன்ரூ வெப்பநிலை சுமார் 31 மெகா எலக்ட்ரான்வோல்ட். பிளாஸ்மா ஹேட்ரான்களாக, அதாவது புரோட்டான் போன்ற குவார்க் கூட்டுத் துகள்களாக, உறையும் வெப்பநிலை அதே அலகில் 155 அளவு. சரிவு ஐந்து ஃபெம்டோமீட்டரில் பரவியிருந்தால் உன்ரூ எண் 6 ஆகக் குறைந்துவிடும். சின்னதுதான், ஆனால் ஒதுக்கிவிட முடியாத சின்னது.

முடுக்கத்தின் வர்க்கம் பாய்மத்தின் ஆற்றலையே மாற்றுமா?

மாற்றும். இது குவாண்டம் கணக்கு. நிறையற்ற டிராக் துகள்களின் (எலக்ட்ரானைப் போல அரைத் தற்சுழற்சி கொண்டவை) முடுக்கப்பட்ட வாயுவுக்கு, எல்லா மாறிலிகளையும் 1 என்று வைத்து எழுதினால், ஆற்றல் அடர்த்தியில் மூன்று உறுப்புகள் வரும்: வழக்கமான வெப்ப உறுப்பு, அதாவது பையின் (π) வர்க்கத்தில் அறுபதில் 7 பங்கு × வெப்பநிலையின் நான்காம் அடுக்கு, பிறகு வெப்பநிலையின் வர்க்கம் × முடுக்கத்தின் வர்க்கம் ÷ 24, கடைசியாக, கழித்தல் குறியோடு, முடுக்கத்தின் நான்காம் அடுக்கு × 17 ÷ (960 × பையின் வர்க்கம்). இதில் வெப்பநிலைக்கு உன்ரூவின் மதிப்பை, அதாவது முடுக்கம் ÷ 2பை என்று போட்டுப் பாருங்கள். முதல் உறுப்பு 7, இரண்டாவது 10, மூன்றாவது கழித்தல் 17 என்ற விகிதத்தில் வந்து மொத்தம் சுத்தமாகப் பூஜ்யமாகிவிடும். வெற்றிடத்தின் ஆற்றல் பூஜ்யம். முடுக்கப்பட்டவர் அதைச் சூடான வாயு என்று அழைத்தாலும் ஆற்றல் கணக்கு மாறாது. காகிதத்தில் ஐந்து நிமிட வேலை, போட்டுப் பாருங்கள்.

யாராவது அளந்திருக்கிறார்களா?

வெப்பநிலைச் சரிவாக அல்ல. அதன் அடிப்படையான கடிகாரச் சரிவு, அதாவது உயரம் மாறினால் காலம் ஓடும் வேகமும் மாறுவது, மிக நன்றாக அளக்கப்பட்டுவிட்டது. 1960இல் பவுண்டும் ரெப்காவும் 22.5 மீட்டர் கோபுரத்தில் காமாக் கதிரின் அதிர்வெண் மாற்றத்தை அளந்தார்கள். 2022இல் ஒளி அதிர்வெண்ணில் இயங்கும் அணுக் கடிகாரம் ஒன்றில், ஒரு மில்லிமீட்டர் உயர வித்தியாசத்திலேயே காலம் வேறுபட்டு ஓடுவது தெரிந்தது. வெப்பநிலையும் ஒரு வகையில் அதிர்வெண்தான்: வெப்பக் கதிர்வீச்சின் ஒவ்வொரு நிறமும் அதே விகிதத்தில் மாறினால் வெப்பநிலையும் அதே விகிதத்தில் மாறியாக வேண்டும்.

அணுக்கரு மோதலில் மறைமுகச் சாட்சி ஒன்று இருக்கிறது. 2017இல் புரூக்ஹேவனின் ஸ்டார் குழு லாம்டா துகள்களின் (ஒரு வகைப் பேரியான்) தற்சுழற்சி ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கண்டு, பிளாஸ்மா வினாடிக்கு 10²² ரேடியன் என்ற அளவில் சுழல்கிறது என்று கணக்கிட்டது. அந்தச் சாய்வுக்கான சூத்திரத்தில் சுழற்சியோடு வெப்பநிலைச் சரிவும் முடுக்கமும் சேர்ந்தே வருகின்றன.

கணினியில் நிரல் எழுதுகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், எக்கர்ட் விதியை அப்படியே நிரலாக்காதீர்கள். நேர இடைவெளியை எவ்வளவு குறைத்தாலும் எண்கள் வெடிக்கும், இரண்டு வாரம் உங்கள் நிரலில் பிழை தேடுவீர்கள், பிழை சமன்பாட்டில் இருக்கும். தாமத நேரத்தைச் சேருங்கள். அது பெருகு நேரத்தைவிடப் பெரியதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் சரிபாருங்கள், வெப்பநிலை ஏறும்போது பெருகு நேரமும் ஏறும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் ஒரு சோதனை. ஈர்ப்பில் அசையாமல் நிற்கும் பாய்மத் தூண் ஒன்றை டோல்மன் சரிவோடு தொடங்கி ஓடவிடுங்கள். வெப்பப் பாய்வு பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். அது மெல்ல ஏறத் தொடங்கினால், பெரும்பாலும் முடுக்கத் துண்டின் குறியைத் தலைகீழாகப் போட்டிருப்பீர்கள். நேர அச்சின் குறியை ஆளுக்கொரு மாதிரி எடுப்பதால் நூலுக்கு நூல் அது மாறும்.